அக்கா நடித்த நோய்கள்

“ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்கோ அக்கா. கண்ணை மூடுங்கோ.”

ராஜராஜேஸ்வரி கதிரையில் இருந்தபடியே நீட்டினாள். இடக்கை அப்படியே நின்றது. வலக்கை அரைவாசி எழும்பி, மெல்ல மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. விக்ரமனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கட்டுரையில் எழுதியிருந்தது அச்சொட்டாக வந்திருக்கிறதே! அவசரமாகப் பென்சிலால் படம் கீறத் தொடங்கினான். அக்கா ஏதோ முனகினாள்.

“கதைக்காதேங்கோ. கை மட்டும் போதும்.”

அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிறுப் பத்திரிகையில் உடல்நலப் பக்கம் எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, கார்ட்டூன் தம்பியுடையது. வெள்ளவத்தையில் கடல் பார்த்த ஃபிளாட்டில் இரண்டே இரண்டு தனியாட்கள். படத்துக்கு மொடல் வேண்டுமென்றால் வேறு யாரைத் தேடுவது? எல்லா நோயையும் அக்காவே நடித்துக் காட்டுவாள். அவளுடைய முகத்துக்கு மீசை வைத்தால் கொலஸ்ட்ரோல் மாமா, கொண்டை வைத்தால் முழங்கால்வலி மாமி. பித்தப்பைக் கல்லுக்கு அவள் நெளிந்த நெளிப்பில் விக்ரமன் பென்சிலைப் போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறான். அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். நடிக்கும்போது வாய் திறக்கக் கூடாது. விட்டால் நோயாளியாக நெளிந்துகொண்டே டொக்டராகவும் மாறி விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவாள், கீறுகிற முகம் பத்துத் திசைக்கும் போகும்.

இந்தக் கிழமை பாரிசவாதம். மூன்று படங்கள்: கோணிய வாய், விழுகிற கை, ஒரு மணிக்கூடு. மணிக்கூட்டை அக்கா விசேஷமாகக் கேட்டிருந்தாள். வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடலாம், அதற்குப் பிந்தினால் அந்த ஊசியே மூளைக்குள் இரத்தத்தைக் கசிய வைத்து ஆளைக் கொன்றுவிடக்கூடும், சனத்துக்கு இது மண்டையில் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

வாயைக் காலையிலேயே கீறியாயிற்று. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “டேய், போன கிழமை மாதிரி என்ர மூக்கைக் கத்தரிக்காய் ஆக்கிப்போடாதை,” என்று எச்சரித்துவிட்டுத்தான் அக்கா வாயைக் கோணினாள். கோணல் கொஞ்சம் கூடிப்போய்விட்டதாக அவனுக்குப் பட்டது. குறைக்கச் சொன்னான். அவள் குறைக்கவில்லை. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு உள்ளபடியே கீறினான். டியூஷன் சென்டரில் அவன் எடுக்கும் சித்திர வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கொழுவிக்கொண்டே, “சரியக்கா, முடிஞ்சுது,” என்று கத்திவிட்டு ஓடினான். பொழுதுபடத் திரும்பி வந்தபோதும் அக்கா அதே கதிரையில்தான் இருந்தாள். பத்திரிகை ஆசிரியர் படம் கேட்டு இரண்டு தரம் ஃபோன் எடுத்துவிட்டார். உடுப்புக்கூட மாற்றாமல் பென்சிலைக் கையில் எடுத்தவன்தான்.

“போதும், விடுங்கோ,” என்று கைப் படத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

மடியில் விழுந்த வலக்கை அசையவில்லை. வாயின் வலப்பக்கம் தொங்கி, அங்கிருந்து எச்சில் வழிந்து சட்டையை நனைத்திருந்தது. அக்காவின் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அக்கா, பகிடி விடாதேங்கோ.”

“ம்... தா...” என்றாள் அக்கா. அதற்குமேல் வரவில்லை.

இப்படி ஒரு பயத்தை விக்ரமன் கலவர நாட்களிலும் அறிந்ததில்லை. அப்போது ஒளிவதற்காவது ஒரு இடம் இருந்தது. அம்புலன்ஸுக்கு 1990 என்று அடித்தபோது நம்பர் இரண்டு தரம் பிழைத்தது. அம்புலன்ஸ் வந்தது. லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் கொள்ளாது என்று அக்காவைக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். கீழ்வீட்டு ஜவாஹிறா கதவுக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலி வீதியில் ஏறியதும், அக்காவுக்குப் பிரஷர் பார்த்த அம்புலன்ஸ் பொடியன் சிங்களத்தில் கேட்டான். “அங்கிள், கீயட்டத பட்டன் கத்தே?”

எத்தனை மணிக்குத் தொடங்கியது? இப்போதுதான் என்று சொல்ல வாயெடுத்தவனுக்குக் காலையில் கீறிய வாய் ஞாபகம் வந்தது. குறைக்கச் சொன்ன கோணல். அது நடிப்பா? அவன் கிளம்பிய பிறகு அக்கா முகத்தை நேராக்கினாளா? அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டாளா? குசினிப் பக்கமே அவன் போகவில்லை. ஒரு பகல் முழுக்க அவள் அந்தக் கதிரையில் சத்தம் போட முடியாமல் கிடந்திருந்தால்? பின்னேரம் என்று சொன்னால் ஊசி போடுவார்கள். காலை என்று சொன்னால் போட மாட்டார்கள். எதைச் சொன்னாலும் அது பிழையாக இருந்தால் அக்காவைக் கொன்றவன் அவனாகத்தான் இருப்பான்.

“மஹத்தயா?” பொடியன் அவசரப்பட்டான். ஆஸ்பத்திரிக்கு அறிவிக்க ஃபோனைக் காதில் வைத்திருந்தான்.

விக்ரமன் குனிந்து அக்காவின் இடக்கையைப் பிடித்தான்.

“அக்கா, நான் சொல்லுறது விளங்குதா? காலமை வாயைக் கோணினீங்களெல்லே. அது நடிப்பெண்டா என்ர கையை ஒருக்கா அமத்துங்கோ. நடிப்பில்லையெண்டா சும்மா விடுங்கோ.”

அம்புலன்ஸ் சைரனோடு பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று, பஸ்களுக்கு நடுவே புகுந்து, மறுபடி ஓடியது. அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு அவனுடைய கையை அமத்தினாள்.

“நடிப்புத்தானே அக்கா? நடிப்புத்தானே?”

அவள் கையை விடவில்லை. இன்னும் இறுக்கினாள். நகம் தோலில் பதிந்தது. ஆமென்று சொல்கிறாளா, பயத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பொடியன் மறுபடியும் நேரத்தைக் கேட்டான். அக்காவின் விரல்கள் தளராமல் அவனுடைய கையை இறுக்கிக்கொண்டே இருந்தன.