ஏழாவது கேள்விக்கான விடை

1.

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை, பொஹாவுக்கு அவல் நனைத்துக்கொண்டிருந்தேன். ரத்னமாலா கூப்பிட்டாள். அவள் கணவன் சுதாம் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. முதலில் சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம். வெடிமருந்து ஆலையைப் பற்றிய கதை என்றதும் நீங்கள் சத்தத்துக்காகக் காத்திருப்பீர்கள். வேண்டாம், இதில் எதுவும் வெடிக்காது.

"மாஸ்தர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எண்பத்து மூணாம் வருஷப் பரீட்சையில அவருக்கு என்னைவிட ஒரு மார்க் கம்மி. நீங்க குறைச்சீங்களா, இல்ல அவரே விட்டாரா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"நாப்பது வருஷம் பத்தலியா யோசிக்க? ஞாயித்துக்கிழமை வரேன். டீ போட்டு வைங்க."

2.

முதல் தொடக்கம்: 'விதர்பாவின் மே மாத வெயிலில் ஆலைச் சங்கு ஊதியபோது —'

வேண்டாம். ஆலைக் கதை என்றால் சங்கு ஊதியே தீர வேண்டுமா என்ன?

இரண்டாம் தொடக்கம்: 'இராணுவ வெடிமருந்துகள் அடிப்படையில் இரண்டு வகைப்படும்.'

இது இருக்கட்டும். ஆலையின் பயிற்சிப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் மராட்டியில் நான் சொன்ன வாக்கியம் இது. உந்துமருந்து ஒரு வகை. அது வெடிக்காது, விரைந்து எரியும். எரிந்து குண்டைத் தள்ளும். மற்றது வெடிக்கிற வகை. அதில் மறுபடியும் இரண்டு. முதல்நிலை மருந்துக்கு ஒரு தட்டல், ஓர் உரசல் போதும். இரண்டாம்நிலை, அதாவது டி.என்.டி. போன்றது, தன் பாட்டுக்குக் கிடக்கும். முதல்நிலை வெடித்து எழுப்பினால்தான் எழும்.*

(* வெளிச்சமும் புகையும் தருகிற மருந்துகள் தனி வகை. கரும்பலகையில் இடம் மிஞ்சினால் எழுதுவேன். பெரும்பாலும் மிஞ்சாது.)

ஆலைக் குடியிருப்பில் இந்தப் பாடத்தை வைத்து மனிதர்களையும் பிரித்துவைத்திருந்தார்கள். கேன்டீன் சாந்தாபாய் முதல்நிலை. பொஹா மேல் ஊற்றும் தர்ரிக் குழம்பு போதவில்லை என்றால் போதும், கரண்டி பறக்கும். என்னைப் பற்றி அவள் சொன்னது வேறு.

"மதராசி மாஸ்தர் நனைஞ்சுபோன உந்துமருந்து. பெட்டி தீக்குச்சியும் தீந்துடும், மனுஷன் பத்த மாட்டாரு."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு இன்று ஒருமுறை கேட்கக் கிடைத்தால் அரை உயிரைக் கொடுப்பேன்.

3.

சுதாமும் ரத்னமாலாவும் ஒரே கொட்டகையில் குண்டுகளுக்கு டி.என்.டி. நிரப்பினார்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. அவனுக்கு எட்டு வருட வேலை, அவளுக்கு ஆறு. கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே கொட்டகையில் வேலை செய்யக் கூடாது. கொட்டகை போனால் பிள்ளைகளுக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டும். ஆக, இருவரில் ஒருவர் இடம் மாறியாக வேண்டும். அந்த வருடம் காலியாக இருந்தது ஒரே இடம்: முதல்நிலை மருந்து அறை. சுவருக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள் உட்காரும் அறை. பத்துக் கேள்விப் பரீட்சையில் கூடுதல் மார்க் வாங்குபவர் போக வேண்டும். சமமாக இருந்தால் வேலையில் மூத்தவர், அதாவது சுதாம்.

பரீட்சைக்கு முந்தின நாள் சுதாம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அந்த ரூமுக்கு நான்தான் போவேன் மாஸ்தர். அவ போனா எனக்குச் சோறு இறங்காது."

அன்று மாலையே ரத்னமாலா வாசலில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரை அனுப்பிடாதீங்க. தட்டு கீழ விழுந்தாலே துள்ளுற ஆளு. அந்த ரூம்ல துள்ளலாமா? நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னேன்: "ஒழுங்கா எழுதுங்க."

(ரத்னமாலாவைக் கொஞ்சம் துடுக்காக எழுதிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இல்லை, அவள் அப்படித்தான். அவளை எனக்குப் பிடிக்கும். அப்போதும் பிடிக்கும். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.)

4.

ஏழாவது கேள்வி: 'தானாக எழாமல், இன்னொன்று எழுப்பினால் எழும் மருந்து எந்த வகை?'

எட்டு வருடம் அந்த மருந்தைக் கையால் அள்ளியவனுக்கு இது ஒரு கேள்வியா? ரத்னமாலா சரியாக எழுதியிருந்தாள். பத்துக்குப் பத்து. சுதாமும் சரியாகத்தான் எழுதியிருந்தான். 'இரண்டாம்நிலை.' எழுதிவிட்டு, அதன் மேல் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தான். ஒரே கோடு. அடியில் இருக்கும் எழுத்து நன்றாகத் தெரிந்தது.

அடித்த விடையைப் படிக்கக் கூடாது என்பது விதி. நான் படிக்கவில்லை. ஒன்பது போட்டேன்.

அவன் பயந்துதான் —

தன் கை நடுங்கும் என்று தெரிந்த நல்ல வேலைக்காரனாக —

இரண்டில் எந்த வாக்கியத்தையும் என்னால் முடிக்க முடியவில்லை. அவனிடம் கேட்டிருக்கலாம். நான் நனைந்த மருந்து, கேட்கவில்லை.

5.

ரத்னமாலா முப்பத்தொரு வருடம் அந்த அறையில் உட்கார்ந்தாள். நகம்கூடச் சேதமில்லை. மருந்துப் பகுதிக்குள் உலோகம் கூடாது என்பதால் பெண்கள் கருகமணித் தாலியை வாசலில் ஒரு மரப்பெட்டியில் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். சுதாமுக்கு அரைமணி முன்னதாக வேலை முடியும். வந்து அவள் தாலியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு, அவள் வெளியே வரும்வரை வேப்பமரத்தடியில் நிற்பான்.

"என்ன சுதாம், இன்னைக்கும் அடகுக்கடையா?" என்று காவலாள் தினமும் கேட்பார்.

"இல்லண்ணே, இன்னிக்கு வித்துடலாம்னு இருக்கேன்" என்பான். பார்வை மட்டும் அவள் அறைப் பக்கமே இருக்கும்.

அதைப் பார்க்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகப் போவேன்.

6.

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) "நான்தான் குறைச்சேன். நீங்க கேட்டுக்கிட்டீங்களே" என்கிறேன். அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து போகிறாள். வாசலில் நின்று கொஞ்சம் அழுகிறாள். நிம்மதியில்தான் அழுகிறாள்.

ஆ) "அவரே அடிச்சிட்டாரு" என்கிறேன். அவள் டீயை முழுக்கக் குடிக்கிறாள்.

இ) ஞாபகம் இல்லை என்கிறேன். அவள் சிரிக்கிறாள். இதை அவள் நம்ப மாட்டாள், நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான். வேறு இலக்கிய நோக்கம் எதுவும் கிடையாது. விடைத்தாளை உங்களிடம் தருகிறேன். சரியான விடை, அதன் மேல் ஒரு கோடு. மார்க் கொடுத்தீர்கள் என்றால், அவனுக்குச் சேர வேண்டியதைப் பறித்து அவளை அந்த அறைக்கு அனுப்பியவன் நான். கொடுக்கவில்லை என்றால் என் கை சுத்தம், மரத்தடியில் நின்றவன் அவளை உள்ளே அனுப்பியவன் ஆகிறான். ஞாயிறு நாளைதான். போட்டுக் கொடுங்கள். எங்கள் பயிற்சிப் பிரிவில் அரை மார்க் போடும் வழக்கம் இருந்ததில்லை.