வடம் நல்லாத்தான் இருக்கு

சிசெங்கா குழிப்பக்கம் தலைகாட்டினால் போதும், கலூபாவின் வாய் சும்மா இருக்காது.

"வந்துட்டாங்கப்பா, வடத்துக்கு நாடி பாக்குற டாக்டரம்மா! எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க!" என்பான்.

அவள் அக்கா கசோன்டேயின் புருஷன் அவன். மச்சான் முறைக்கு இந்தக் கேலிக்கெல்லாம் உரிமை உண்டு. அவளும் லேசில் விடமாட்டாள். "உங்க தொப்பையைத் தூக்குற வடமாச்சே மச்சான், நாடி பாக்காம விட முடியுமா?" என்பாள். சுற்றி நிற்கிற சுரங்கத்து ஆட்கள் தலைக்கவசத்தைத் தட்டிச் சிரிப்பார்கள்.

கிட்வே நகருக்கு மேற்கே இருந்த அந்தச் செம்புச் சுரங்கத்தில், மூன்றாம் குழியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டைத் தாங்கியது ஒரே ஒரு இரும்பு வடம். மணிக்கட்டுப் பருமன் இருக்கும். மேலே கிரீஸ் பளபளக்கும்; உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அறுத்துப் பார்க்கலாம் என்றால், அறுத்த பிறகு அது வடமே இல்லை. அறுக்காமல் உள்ளே பார்ப்பதுதான் சிசெங்காவின் வேலை. இரண்டு பாதியாகத் திறக்கிற காந்தப் பெட்டி ஒன்றை வடத்தைச் சுற்றி மாட்டுவாள். இழுவை இயந்திரக்காரர் வடத்தை மெல்ல ஓட்டுவார். உள்ளே ஓர் இழை அறுந்திருந்தாலும் துரு தின்றிருந்தாலும், திரையில் ஓடுகிற கோடு அந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளும்.

கலூபாவின் வேலை குழிச் சுவரில் கூண்டு ஓடுகிற வழிமரங்களைச் சரிபார்ப்பது. மற்றவர்கள் கூண்டுக்குள் நின்று இறங்குவார்கள். அவன் கூண்டின் கூரைமேல், இடுப்பில் வார் கட்டிக்கொண்டு, விளக்கோடு நின்று இறங்குவான். அதனால்தான் ஒவ்வொரு சோதனை முடிந்ததும் வந்து கேட்பான். கேலியாகத்தான் கேட்பான். ஆனால் பதில் வரும் வரைக்கும் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான்.

ஆகஸ்டு மாதத்துச் சோதனை காற்றும் புழுதியுமாக நடந்தது. கோடு தலையிலிருந்து கால்வரை அமைதியாக ஓடி முடிந்தது. பெட்டியைக் கழற்றும்போது பொறியாளர் சக்காலா வந்தார்.

"பாஸ், நுனி வெட்டுறது எப்போ?" என்று கேட்டாள் சிசெங்கா.

வடத்தின் நுனியை ஓர் இரும்புக் கொண்டிக்குள் செருகித்தான் கூண்டோடு பூட்டியிருப்பார்கள். கொண்டிக்குள் இருக்கிற அந்த முழத்துண்டு பெட்டி வழியாக ஒருபோதும் வராது. அதன் உள்ளே பார்க்க அவளிடம் வழியில்லை. அதற்காகவே காலாகாலத்தில் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, புது நுனியைப் பூட்ட வேண்டும் என்பது விதி. வெட்டுவது அவள் வேலையல்ல. அந்த முறை தவணை தாண்டியிருந்தது.

"மேல உற்பத்தி உற்பத்தின்னு உசிரை வாங்குறாங்க. மாசக் கடைசியில குழியை நிறுத்துவோமில்ல, அப்போ வெட்டிக்கலாம்," என்றார் சக்காலா.

"சரி பாஸ்," என்றாள்.

அவர் நகர்ந்ததும் கலூபா வந்தான். "என்ன கொழுந்தியா, ஆளு பிழைப்பானா?"

"வடம் நல்லாத்தான் இருக்கு மச்சான். தைரியமா போங்க."

"உங்க அக்காகிட்ட சொல்லிடறேன். வேற புருஷன் தேட வேண்டாம்னு."

மறு வாரம் ஒரு முற்பகலில் சங்கு ஊதியது. சிசெங்கா பட்டறையிலிருந்து ஓடி வந்தபோது, குழியின் வாயில் வடம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் இழைகள் பிரிந்து துடைப்பம் மாதிரி விரிந்திருந்தன. கீழே கூண்டு இல்லை. விழுகிற கூண்டைப் பிடித்து நிறுத்துகிற பற்கள் பிடித்திருந்தன. கொஞ்சம் தாமதமாகப் பிடித்திருந்தன. கூண்டுக்குள் யாரும் இல்லை. கூரைமேல் கலூபா ஒருவன்தான் இருந்தான்.

துக்க வீட்டுக்கு அவள் மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். வெளியே ஆண்கள் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து மூட்டையை இறக்கிவிடவில்லை. உள்ளே தட்டுமுட்டுச் சாமான்களை வெளியேற்றிய கூடத்தில், பெண்கள் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பாட்டு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது.

"இயந்திரக்காரி வந்துட்டா," என்றாள் கலூபாவின் தமக்கை. "வா தாயி. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பி வச்சியே, எப்படித் திரும்பி வந்திருக்கான் பாரு."

கசோன்டே சுவரில் சாய்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்தாள். "வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. சிசெங்கா வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுவதற்குக்கூட அந்த வீட்டில் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் முந்தித் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த பிறகும் அவளுக்கு ஒரு வாய் ன்ஷிமாக் களி இறங்கவில்லை. கண்ணை மூடினால் திரைக்கோடுதான் ஓடியது. எங்கேயாவது துள்ளியதோ? புழுதிக்குக் கண்ணைக் கசக்கிய நேரத்தில் துள்ளிவிட்டதோ? பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். துள்ளல் இல்லை. பதிவையும் நம்ப மனம் வரவில்லை.

விசாரணை அதிகாரிகள் வடத்தை முற்றத்தில் நீளக் கிடத்தியிருந்தார்கள். "நான் இன்னொரு தடவை பாக்கணும்," என்று கேட்டுக்கொண்டாள். மண் அப்பியிருந்த வடத்தைத் துடைத்து, பெட்டியை மாட்டி, அதிகாரிகள் சுற்றி நிற்க, பெட்டியைத் தானே வடத்தின்மேல் தள்ளிக்கொண்டு நடந்தாள். கோடு அமைதியாக ஓடியது. நுனிவரை ஓடியது. பிறகு கொண்டியை இரண்டாகப் பிளந்தார்கள். உள்ளே தங்கிப்போன இழைகள் சிவப்புத் தூளாக உதிர்ந்தன. எத்தனையோ மாதமாகக் குழியின் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கியிருந்தது.

"சோதிச்சவங்க மேல தப்பில்ல. வடம் நல்ல வடம்தான்," என்றார் பெரிய அதிகாரி.

சிசெங்காவுக்கு மூச்சு தாராளமாக வந்தது. வெயில்கூட இதமாக இருந்தது. மறுகணம், மச்சான் மண்ணுக்குள் கிடக்கையில் தனக்கு இப்படி ஒரு நிம்மதி வருகிறதே என்று உடம்பு கூசியது. கூசினாலும் நிம்மதி போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

கசோன்டே கொல்லையில் பிள்ளைகளின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் விதவைக்குக் கட்டுகிற வெள்ளை நூல் நனைந்து ஒட்டியிருந்தது.

"அக்கா, வடத்துல ஒண்ணுமில்லக்கா. எல்லார் முன்னாலயும் மறுபடி பாத்துட்டேன். நுனிதான், கொண்டிக்குள்ள. அதை என் பெட்டியால பாக்கவே முடியாது. அதை வெட்டியிருக்கணும், வெட்டல. நான் பாஸ்கிட்ட கேட்டேங்க்கா. மாசக் கடைசியிலன்னு சொன்னாரு."

கசோன்டே கையிலிருந்த சட்டையைப் பிழிந்து உதறினாள். "எப்போ கேட்ட?"

"அன்னிக்குத்தான். சோதனை முடிஞ்சதும்."

"அப்புறம்தான் உன் மச்சான் வந்து கேட்டாரா?"

"ஆமா."

"அவருகிட்ட என்ன சொன்ன?"

சிசெங்கா குனிந்து வாளியில் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"நல்லாத்தான் இருக்குன்னு சொன்ன. வீட்டுக்கு வந்து என்கிட்டயும் அப்படியே சொன்னாரு. நுனியை நான் பாக்கல மச்சான்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அவரு விளையாட்டாத்தான் கேட்டாரு…"

"விளையாட்டா?" கசோன்டேயின் குரல் உயரவில்லை. "சோதனைக்கு முதல் நாள் ராத்திரி தூங்க மாட்டாரு அந்த மனுஷன். நீ சொன்ன பிறகுதான் தூங்குவாரு. உன் பெட்டிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உன் பாஸுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கூண்டு மேல நின்னவருக்குத்தான் தெரியல."

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அது கலூபாவின் சட்டை. மூத்த மகனுக்காகத் தோள் பிடித்துத் தைத்திருந்தாள்.

விசாரணையில் சிசெங்கா தான் கேட்டதையும் சக்காலா சொன்னதையும் அப்படியே சொன்னாள். சக்காலாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெட்டி படுக்கையோடு போகிற அன்று அவர் பட்டறை வாசலில் நின்றார். "நீ சொன்னதுல பொய் ஒண்ணுமில்லம்மா," என்றார். "ஆனா அன்னிக்கு நீ சரி பாஸ்னு சொல்லாம இருந்திருந்தா, நான் வெட்டியிருப்பேன்னு தோணுது." அதைக் குற்றமாகச் சொன்னாரா, தன்னைத்தானே தேற்றிக்கொண்டாரா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

புது வடம் வந்தது. புதுப் பொறியாளரும் வந்தார். ஒருமுறை நுனி வெட்டும் நாள் தள்ளிப்போனபோது, சிசெங்கா பெட்டியை மாட்டாமல் கீழே வைத்துவிட்டு, "வெட்டிட்டுக் கூப்பிடுங்க, அப்புறம் பாக்குறேன்," என்று உட்கார்ந்துவிட்டாள். சோதனை இல்லாமல் ஆளை இறக்க முடியாது. ஷிப்டுக்கு வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நின்று அவளைத் திட்டித் தீர்த்தார்கள். "இவளுக்காக எங்க போனஸ் போகுது," என்றான் ஒருவன். மாலைக்குள் நுனியை வெட்டினார்கள். வெட்டிய துண்டில் ஒரு குறையும் இல்லை. அதைக் காட்டி இன்னும் கொஞ்சம் திட்டினார்கள். அவள் வாங்கிக்கொண்டாள்.

மழைக்கு முன்னால் கசோன்டே சுரங்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, பிள்ளைகளோடு லுவிங்குவில் இருக்கும் அம்மாவிடம் போனாள். பேருந்தில் மெத்தையை ஏற்ற சிசெங்காவும் ஒரு பக்கம் பிடித்தாள். கசோன்டே தடுக்கவில்லை. கடைசிப் பிள்ளை சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தது. கசோன்டேதான் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சின்னவனுக்குக் காய்ச்சல் இருந்துச்சு. இப்போ தேவலை. உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கான்," என்றாள்.

"மழை எப்படிக்கா?"

"நல்ல மழை. சோளம் முழங்கால் உயரம் வந்துருச்சு."

"நான் கிறிஸ்துமஸுக்கு வரட்டுமாக்கா?"

மறுமுனையில் தகரக் கூரைமேல் மழை விழும் சத்தம் கேட்டது.

"ரோடு சரியில்ல," என்றாள் கசோன்டே.

"ரோடு காஞ்சதும் வரேன்."

"பாப்போம்."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஆனால் அக்கா போனை வைக்கவில்லை. சிசெங்காவும் வைக்கவில்லை. அக்காவின் போனில் காசு தீர்ந்து இணைப்பு அறுகிறவரை, அம்மா வீட்டுக் கூரையில் பெய்கிற மழையைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.