முதல் வரிக்கு ஓடிப்போன வேன்

தனவத் செய்து காட்டிய நேரக் கட்டத்தை வேன் நிலையக் கவுன்டரில் இருக்கும் பிம்பா அக்கா போனில் புகழ்ந்ததைக் கேட்ட பிறகு சுமாலிக்கு அன்று காப்பி இறங்கவில்லை.

கோன்கேன் நகரில் வேன் நிலையங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. வேன்கள் புறப்படும் நாளும் நேரமும் ஓர் அட்டவணையில் வரிவரியாக நிற்கும். நேரம் மாறினால் கவுன்டரில் இருப்பவர் அந்தக் கட்டத்திலேயே திருத்திக்கொள்ளலாம். அந்தக் கட்டம் சுமாலி எழுதியது. இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு நாட்காட்டியும் பக்கத்தில் வட்டக் கடிகாரமும் விரியும்; முள்ளை மவுஸால் இழுத்து நிறுத்த வேண்டும். தப்பான நேரம் உள்ளே நுழைய வழியே கிடையாது.

புதிதாக வந்த தனவத்தின் கட்டத்தில் எதுவும் விரியாது. கட்டத்தில் போய் நின்று எண்களைத் தட்டினால் போதும். நாள் முடிந்ததும் கர்சர் தானே மாதத்துக்கு நகரும், பிறகு வருடம், மணி, நிமிடம். மேல் அம்புக்குறியை அழுத்தினால் ஒன்று கூடும். வேண்டாமென்றால் ஒரே விசையில் பழைய மதிப்பு திரும்பிவிடும். கை விசைப்பலகையை விட்டு எழவே வேண்டாம். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்விதான் சுமாலியைக் குடைந்தது.

சொங்க்ரான் புத்தாண்டுக்கு முன்னால் வெளியாகும் பதிப்பில் இரண்டில் ஒன்றுதான் போகும் என்று முதலாளி விச்சாய் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பிம்பா அக்காவின் கவுன்டரில் தனவத்தின் கட்டத்தை ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. ஆனால் சுட்ட கோழி வாங்கினால் கால் துண்டைத் தனவத்தின் தட்டில் வைக்கிற மனிதர் அவர். முடிவு என்னவாக இருக்கும் என்று சுமாலிக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் தனவத்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிப்ரவரி முப்பது என்று அடித்தாள், கட்டம் ஏற்கவில்லை. இங்கே வழங்கும் புத்த ஆண்டுக் கணக்கில் அடித்தாள், சரியாகப் புரிந்துகொண்டது. பிறகு கவுன்டர் பெண்கள் எப்படி அடிப்பார்கள் என்று யோசித்தாள்.

இங்கே எழுதும்போதுதான் இரவு எட்டு மணி 'இருபது'. ஊர்ப் பேச்சில் இரவு ஏழு மணியோடு எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்: ஏழு என்றால் இரவு ஒன்று, எட்டு என்றால் இரவு இரண்டு. சுமாலி ஓர் இரவு வேனின் கட்டத்தில் வெறும் இரண்டை அடித்து என்டரைத் தட்டினாள். கட்டம் அதை விடியற்காலை இரண்டு மணி என்று எடுத்துக்கொண்டது. அட்டவணை நேர வரிசைப்படி அடுக்கப்பட்டது அல்லவா, நேரம் மாறிய கணமே அந்த வரி திரையை விட்டு மறைந்து பட்டியலின் உச்சிக்கு ஓடிவிட்டது.

படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. வரியைத் தேடிச் சரிசெய்ய நேரமில்லை. எழுந்து வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கவுன்டரில் நீண்ட வரிசை. பிம்பா அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உடோன் ஊருக்குப் போகும் இரவு ஏழு மணி வேன் இரண்டுக்குத்தான் கிளம்பும் என்று யாருக்கோ சொன்னபடி, சொன்ன இரண்டையே கட்டத்தில் தட்டினாள்.

"தம்பி, என் வேனக் காணோம்."

"நம்மள விட்டுட்டுக் கெளம்பிருச்சு போல," என்றார் வரிசையில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். தனவத்தின் காது சிவந்ததைச் சுமாலி ஆசையோடு பார்த்தாள்.

பழையதே இருக்கட்டும் என்றார் விச்சாய்.

"இருக்கட்டும்," என்றாள் பிம்பா அக்கா. "ஆனா அந்தக் கடிகார முள்ள இழுக்க எனக்கு மூணாவதா ஒரு கை அனுப்பி வைங்க."

திரும்பும்போது பிக்அப் வண்டியின் பின் இருக்கையில் தனவத் மெல்லப் பேசினான்.

"அக்கா, திங்கக்கெழம என் மெஷின்லயும் ஒரு வேன் உச்சில போய் நின்னுச்சு. நாந்தான் எதையோ தப்பா அடிச்சிட்டேன்னு அழிச்சேன்."

"நான் அடிச்சது."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா நீ சரி பண்ணிருப்ப."

"ஆமா, பண்ணிருப்பேன்," என்றான். அதில் கோபம் இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அலுவலகம் வந்ததும் சுமாலி தன் நாற்காலியை அவன் மேசைக்கு இழுத்துப் போட்டாள். ஒன்றிலிருந்து ஐந்துவரை தனி எண் வந்தால் கட்டம் தானாக முடிவு செய்யக் கூடாது என்றாள். விடியற்காலையா, மதியமா, இரவா என்று கீழே காட்ட வேண்டும். பழைய நேரத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அது முதலில் நிற்க வேண்டும். ஏழு மணி வேனைத் திருத்தினால் இரவு இரண்டுதான் முதலில். கர்சர் வேறு வரிக்குப் போகும்வரை அந்த வரி இடம் பெயரவும் கூடாது. சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் பொங்கி, யாருடைய கட்டம் என்பது சற்று மறந்துபோனது.

திருத்தியதைப் பார்த்து விச்சாய் மனம் மாறினார். சுமாலி அக்கா சொன்ன யோசனை என்று தனவத் சொல்லியும், தட்டிக்கொடுத்தது அவன் தோளைத்தான்.

புதிய பதிப்பு போன அன்று போனை எடுத்தவள் சுமாலி.

"வேன் இப்ப ஓடலம்மா, நின்ன எடத்துலயே நிக்குது," என்றாள் பிம்பா அக்கா. "தம்பிகிட்ட குடு, ஒரு வார்த்த சொல்லணும்."

போனைக் கொடுத்துவிட்டுச் சுமாலி தன் திரையில் அவன் கட்டத்தைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். எங்கும் ஒரு குறைகூட அகப்படவில்லை. முதலிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.