கவ்வாத இடுக்கி

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசர் லெட்சுமணனின் கட்டைவிரல் வேலுவின் தொடைக் காயத்துக்குள் புதைந்திருந்தது. காட்டுக்கத்தி வழுக்கி வெட்டிய வெட்டு. விரலைச் சுற்றி ரத்தம் பீறிட்டது. மறுகையிலிருந்த, ரத்தக்குழாயைக் கவ்வும் இடுக்கி திறக்கவேயில்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதுவும் அசையவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்றே மாதமான, துருப்பிடிக்காத புது எஃகு. மூட்டில் செம்புள்ளி படர்ந்து, இரண்டும் இறுகிக் கிடந்தன.

வேறு வழியில்லாமல் தொடைக்கு மேலே துணியை முறுக்கிக் கட்டினார். ஜொகூர் பாருவிலிருந்து செடெனாக் தோட்டத்துக்கு டாக்டர் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. வேலுவின் உயிர் தங்கியது. கால் தங்கவில்லை.

"இதைக் கழுவுவது யார்?" என்று டாக்டர் கேட்டார்.

"அங்கம்மாதாங்க. ஈரத்தோட பெட்டியில போட்டிருப்பா." யோசிக்காமல் வந்தது லெட்சுமணனின் பதில்.

ஆஸ்பத்திரி வேலைக்காரி அங்கம்மா, கட்டிலில் மயங்கிக் கிடந்த வேலுவை ஒரு தரம் பார்த்தாள். "ஆமாங்க, நான்தான்" என்றாள். அதைக் கேட்டுத் தோட்ட மேலாளரான துரை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்; ஒரே வாரத்தில் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாள்.

இடுக்கிகளைக் கையோடு எடுத்துப்போன டாக்டரிடமிருந்து இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இது ஈரத்தால் வந்த துரு அல்ல, உப்பும் புளிப்பும் சேர்ந்து அரித்த குழிகள், சும்மா தண்ணீர் இந்த எஃகை இப்படித் தின்னாது என்று எழுதியிருந்தார்.

லெட்சுமணன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அங்கம்மா சாமான்களைக் கொதிக்கவைப்பாள், ஒவ்வொன்றாகத் துடைப்பாள், மூட்டைத் திறந்து உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். தினமும் பார்த்த கண்தானே இது? பார்த்திருந்தும் அந்தப் பேச்சைப் பேசிவிட்டாரே.

பெக்கான் நானாஸ் ஊரில் அன்னாசி சீவும் கொட்டகையில் அவளைக் கண்டுபிடித்தார். விரல்களெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தன.

"வாங்க டிரெசரய்யா. ஒரு துண்டு சாப்பிடுறீங்களா? நம்ம கையால கொடுத்தா கூசுமோ என்னமோ."

"தப்பு என்னோடது அங்கம்மா. துரைகிட்ட நான் சொல்றேன், திரும்பி வந்துரு."

"நீங்க சொன்னா துரை கேட்பாருலா. அன்னைக்கும் கேட்டாரே."

அவர் தலை குனிந்தார். "உப்பும் புளிப்பும்தான் அரிச்சிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரு. அது எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியும். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

அங்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஆயுத பூசையப்ப நீங்க ஊர்ல இல்ல. திரும்பி வந்து, சாமான் கண்ணாடி மாதிரி இருக்குன்னு என்னைப் பாராட்டினீங்க. பெட்டியைத் திறந்து கொடுத்தது மட்டும்தான் நான். பொண்டாட்டி நம்ம ஆஸ்பத்திரியில பிரசவத்துல பொழைச்சதுக்கு நன்றியா, நானே பண்றேன்னு கேட்டு வாங்கி, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி ராத்திரி பூரா புளியிலயும் உப்புலயும் ஊறப்போட்டுத் தேய்ச்சு, சந்தனம் குங்குமம் வச்சது அவன்தான்."

"எவன்?"

"வேலு. கால் போனவன்கிட்ட, உன் கையாலதான்டா போச்சுன்னு எப்படிங்க சொல்றது?"