ஆமென் சொல்லாத சபை

கொள்ளிடத்துக்கு வடக்கே திருச்சபை வரலாறு முழுசாகத் தெரிந்த ஒரே ஜீவன் அறிவரசன்தான். இதை அவன் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்பதுபோல ஒரு தகவலாகத்தான் சொன்னான். அரியலூர்ப் பக்கம் ஒரு இறையியல் கல்லூரியில் அவனுக்குக் கடைசி வருடம். நாலாம் நூற்றாண்டில் பிஷப்புகள் கூடிய நிசேயா சங்கத்தில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்பதை, தானே போய் விலக்கிவிட்டு வந்தவன் போல விவரிப்பான்.

அந்த ஞாயிறு, எறையூர்ப் பக்கத்துக் கிராம ஆலயத்தில் அவனுக்குக் களப்பணித் தேர்வு. ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் செல்லதுரை 'சரி' என்று சொன்னால் தேறினான். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டால் இன்னொரு வருடம் அதே விடுதிச் சாம்பார்.

துணைக்கு வந்த வகுப்புத்தோழி தமிழ்மொழி, பெரம்பலூரில் பஸ் ஏறியதிலிருந்து கிரேக்கம் படித்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு ஆலய வாசலில் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராக நலம் விசாரித்தாள். போன மாதம் இதே ஆலயத்தில் அவள் முறை வந்தபோது, அப்படிக் கேட்டதையெல்லாம் ஜெபத்தில் ஒன்று விடாமல் சொன்னவள். மலர்க்கொடியக்கா ஆட்டின் மடி வீக்கம் உட்பட.

"நீயும் வந்து நில்லுடா. இன்னிக்கு ஜெபம் நீதான் பண்ணணும்."

"ஆட்டு மடிக்கு ஜெபம் பண்ணவா அத்தன பிஷப்பும் நிசேயாவுல கூடுனாங்க?"

"அந்தக் கூட்டத்துல ஸ்பிரிதியோன்னு ஒருத்தரு இருந்தாருன்னு சொல்றாங்க. பிஷப் ஆன பிறகும் ஆடு மேச்சவரு. அந்தப் பக்கத்தத் தள்ளிட்டுப் படிச்சியா?"

தள்ளிவிட்டுத்தான் படித்திருந்தான். ஆடு மேய்த்த பிஷப் பரீட்சையில் வரமாட்டார் என்பது அவன் கணக்கு. இவளுக்கு மட்டும் எப்படி இரண்டாயிரம் வருடமும் இந்த ஆலய வாசலும் ஒரே தலைக்குள் அடங்குகின்றன என்று உள்ளூர வியந்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, வரலாற்றாளனுக்கென்று ஒரு கௌரவம் உண்டு.

பிரசங்கம் நன்றாகவே போனது. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்பதை நிலைநாட்ட நிசேயாவில் கொட்டிய வியர்வை முழுவதையும் அவன் எடுத்துச் சொல்ல, பாயில் உட்கார்ந்திருந்த சனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

பிறகு ஜெபம். உலகளாவிய திருச்சபைக்காகவும் பேராயர்களுக்காகவும் உலக சமாதானத்துக்காகவும் மன்றாடி, "ஆமென்" என்று முடித்தான்.

பதில் இல்லை. எல்லோர் கண்களும் மூடியே இருந்தன.

"ஆமென்" என்றான், கொஞ்சம் சத்தமாக. மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டது.

மூப்பர் செல்லதுரை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தம்பி, இன்னும் முடியலீங்களே. எங்க சமாச்சாரம் ஒண்ணும் வரலியே. அது வராம இங்க யாரும் ஆமென் சொல்றதில்லீங்க. பழக்கம் அப்படி."

அறிவரசன் தமிழ்மொழியைப் பார்த்தான். அவளுக்கு எல்லார் சமாச்சாரமும் தெரியும். அவளும் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் லேசாகச் சிரித்தது.

பீடத்தை விட்டு இறங்கினான். முதல் பாயில் இருந்த விவசாயி தர்மராஜ் பக்கத்தில் முழங்காலிட்டு, காதோரம் கேட்டான்.

"உங்களுக்கு என்னங்கண்ணே?"

"போர்வெல் மோட்டாருல காயிலு எரிஞ்சுபோச்சு தம்பி. கரும்பு காயுது."

அடுத்த பாய்க்கு நகரப் போனவன், நின்று, இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"எத்தன எச்.பி.ங்கண்ணே?"