முந்திய கை

தரையிறங்கி வரும் விமானங்களுக்குக் கையில் கோல்களுடன் சைகை காட்டி, அவற்றை உரிய இடத்தில் நிறுத்துவது சதாசிவத்தின் வேலை. பதினாறு வருட அனுபவம். ஏழு மாதங்களுக்கு முன், மழை கொட்டிய ஒரு பிற்பகலில், அவர் நிறுத்திய விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் போன தரைப் பணியாளன் விஜயன், மூக்கில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லர் விசிறியில் அடிபட்டு அங்கேயே இறந்தான். சதாசிவம் கூப்பிடும் சைகை கிடைக்கும் முன்பே அவன் தானாக ஓடிவிட்டான் என்று விசாரணை முடிந்தது. மழையில் கேமராவில் எதுவும் தெரியவில்லை. சதாசிவம் எழுதிக் கொடுத்ததுதான் சாட்சி.

பொய் எழுதியதாக அவர் நினைக்கவில்லை. புரொப்பெல்லர் நின்ற பிறகுதான் ஆளைக் கூப்பிட்டோம் என்றே அவருக்கு ஞாபகம்.

அதன் பிறகு எல்லாரும் சிமுலேட்டரில் பயிற்சி முடிக்க வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. சுவர் அகலத்துக்குத் திரை. கையசைவைப் பதிவு செய்யும் கோல்கள். பயிற்சி நடத்திய உமாதேவி திரையில் மழையைப் போட்டாள். விமானம் ஊர்ந்து வந்தது. சதாசிவம் நிறுத்தினார். அவள் மறுபடி போட்டாள். ஆறு தடவை ஆனதும் பதிவைக் காட்டினாள். புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலக்கை ஆளைக் கூப்பிட்டிருந்தது. ஆறு தடவையும்.

"உங்க கை முந்திக்குதுண்ணே. பழக்கமாயிடுச்சு போல."

அவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேலையில் எப்போதும் அடுத்த விமானம் காத்திருக்கும். ரேடியோவில் சீக்கிரம், சீக்கிரம் என்பார்கள். சில வினாடிகளை மிச்சம் பிடித்தே கை பழகிவிட்டிருந்தது. கொட்டும் மழையில் விஜயன் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கையை மட்டுமே பார்த்திருப்பான்.

பதிவு பயிற்சிக்கு மட்டும்தான், மேலே யாரும் கேட்க மாட்டார்கள், அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யலாம் என்றாள் உமாதேவி. அவர் வேண்டாம் என்றார். ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை தம்போய் என்ற ஊரில் இருந்த விஜயனின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி மலர் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். அவர் சொல்லி முடித்ததும் அவள் பேசினாள்.

"அன்னைக்கு நான்தான் போன் பண்ணி சீக்கிரம் வாங்கன்னு சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த அவசரத்துலதான் ஓடுனாருன்னு மாமியா சொன்னாங்க. ஏழு மாசமா நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"அவன் அவசரப்படலம்மா. நான் கூப்பிட்டேன், வந்தான்."

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

"கம்பெனியில குடுத்துட்டுத்தான் வந்தேன்."

மலர் எழுந்து கிரில் கதவைத் திறந்தாள். "இனிமே இங்க வராதீங்கண்ணே," என்றாள். குரல் உயரவில்லை.

விசாரணை மறுபடி நடந்தது. சதாசிவத்தின் விமான நிலைய அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ரேடியோவில் அவசரப்படுத்தியவர்களைப் பற்றி அவர் எழுதியிருந்த இரண்டு பத்திகளை யாரும் வாசிக்கவில்லை. விசாரணைக் கூடத்தில், விஜயன் மீது தவறில்லை என்று அதிகாரி ஆங்கிலத்தில் வாசித்தார். முன்வரிசையில் மாமியாருடன் உட்கார்ந்திருந்த மலர் எழுந்து, அதை மலாய் மொழியிலும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். அத்தைக்கு ஆங்கிலம் புரியாது என்றாள். அதிகாரி வாசித்தார். கிழவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்வரிசையில் இருந்த சதாசிவத்தின் பக்கம் மலர் திரும்பவே இல்லை.