முட்டையா உருண்டையா

துகள்கள் முட்டை வடிவத்தில் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, திரை முழுக்க. பார்த்ததுமே சின்னவளுக்கு அண்ணியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவள் சின்னவள். அந்தப் பெயர் ஆய்வகம் வரை வந்து ஒட்டிக்கொண்டதற்கு அண்ணிதான் காரணம். அண்ணி அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் நோய் கண்டறியும் பட்டைகளுக்காகத் தங்கத் துகள் தயாரிக்கிறாள். கண்ணுக்கே தெரியாத துகள், ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். அது உருண்டையாக வந்தால் அண்ணியின் வேலை நிரந்தரம் என்று ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார். வராவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். உருண்டையா இல்லையா என்று பார்த்துச் சொல்கிற எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்போ, கீழ்த்தளத்தில் சின்னவளின் பொறுப்பில் இருந்தது. விதிக்கு விளையாட வேறு இடமா கிடைக்கவில்லை!

அன்று காலை, மைக்ரோஸ்கோப்புக்குள் செருகும் நீளமான உலோக ஹோல்டரில் சாம்பிளைப் பொருத்திக் கையில் எடுத்த நேரம் பார்த்து அண்ணி வந்து நின்றாள்.

"படம் வந்ததும் மொதல்ல எனக்குக் காட்டிடு. அப்பறமா தலைவருக்கு அனுப்பு."

"அது முடியாது அண்ணி."

"ஏன் முடியாது? நான் என்ன படத்தை மாத்தவா சொன்னேன்? பாத்து மனசைத் தேத்திக்கலாம்னுதானே கேக்கறேன்."

"அண்ணிக்காகப் படத்தை அமுக்கிட்டேன்னு பேசுவாங்க."

"பேசறவங்களை நெனக்கிற உனக்கு, வீட்டு மனுஷி நெனப்பு வராதில்ல?"

பேச்சு அதோடு நின்றிருந்தால் தேவலை. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்பது வரைக்கும் போனது. அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று இருவரும் கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள். கடைசியில் அண்ணி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படியேறிவிட்டாள். சின்னவள் அதுவரை கையில் இறுக்கிக்கொண்டிருந்த ஹோல்டரை உள்ளே செருகினாள். செருகியபின் கொஞ்ச நேரம் சும்மா விடுவது வழக்கம். அன்று அந்த நேரம்கூடக் கொடுக்காமல் படபடவென்று படம் எடுத்தாள்.

அப்போதுதான் முட்டை வந்தது. மறு யோசனை இல்லாமல் தலைவருக்கு அனுப்பிவிட்டாள். கலக்கத்துக்கு நடுவிலும் தன் நேர்மையை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சொல்வதற்கென்ன.

பெருமை மதியம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. 'பேட்ச் தேறவில்லை, கொட்டிவிடலாம்' என்று தலைவர் இருவருக்கும் சேர்த்து எழுதியிருந்தார். சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டு அந்தப் பாழாய்ப்போன படத்தையே மறுபடி திறந்து பார்த்தாள்.

எல்லா முட்டையும் நின்றுகொண்டிருந்தது. கை தவறிக் கொட்டின மாத்திரைகள் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகத்தானே கிடக்கும்? எல்லாம் ஒரே திசையில் நிற்குமா?

அவளுக்குச் சுரீர் என்றது. எலெக்ட்ரான் கதிர் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகத் தடவிக்கொண்டு வரும். அதற்குள் சாம்பிள் துளியளவு நகர்ந்தாலும், ஜெராக்ஸ் எடுக்கும்போது தாளை இழுத்த மாதிரி உருவம் நீண்டுவிடும். கைச்சூடு ஏறிய ஹோல்டர் உள்ளே போய் ஆறி அடங்கும்வரை நகர்ந்துகொண்டேதான் இருக்கும். இது முதல் வருஷக்காரர்களுக்கே தெரிந்த சங்கதி.

வேறு யார் சாம்பிளாக இருந்தாலும் சந்தேகப்பட்டு இன்னொரு படம் எடுத்திருப்பாள். பாரபட்சம் காட்டிவிடக் கூடாது என்று பயந்து பயந்து, ஊருக்கெல்லாம் செய்வதை அண்ணிக்கு மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணி எடுக்கவில்லை. 'தயவுசெஞ்சு கொட்டாதீங்க' என்று ஒரு செய்தியைத் தட்டிவிட்டுத் தலைவர் அறைக்கு ஓடினாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அண்ணி செஞ்சதுன்னா உருண்டையாத்தாம்மா தெரியும்."

"அதனாலதான் சார், நீங்களே வந்து எடுங்க. நான் எதையும் தொடல."

வந்தார். ஹோல்டர் காலையிலிருந்து உள்ளேயே ஆறிக் கிடந்தது. அவர் எடுத்த முதல் படத்தில் எல்லாம் உருண்டை. அவர் அசரவில்லை.

"காலைல முட்டை, இப்ப உருண்டை. நாளைக்கு வந்தா சதுரமா இருக்குமா? எதை நம்பறது?"

சின்னவள் ஹோல்டரை வெளியே எடுத்துத் தரச் சொன்னாள். அவருக்குக் கையுறை மாட்டிவிட்டு, அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கோங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு சண்டை போடற நேரம்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தாலும் பிடித்துக்கொண்டார். மறுபடி உள்ளே செருகி எடுத்ததும் திரையில் முட்டைகள் வரிசை கட்டி நின்றன. துகள்களுக்குப் பக்கத்தில், அவற்றைத் தாங்கும் மெல்லிய படலத்தில் ஒரு விரிசல் செங்குத்தாக ஓடியது. கதிர் தடவும் திசையைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொன்னாள். திரையில் விரிசல் படுத்துக்கொண்டது. முட்டைகள் நின்றபடியேதான் இருந்தன.

"நெஜமாவே முட்டைன்னா விரிசலோட சேந்து அதுவும் படுத்திருக்கணும் சார்."

தலைவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். இரண்டு படமும் வெவ்வேறு பக்கம் இழுபட்டிருந்ததால், ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்து நகர்வு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துக் கழித்தது. முட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உருண்டையாயின. ஆறின ஹோல்டரில் எடுத்த படத்தோடு அளவு அப்படியே ஒத்துப்போனது. சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"பேட்ச் தேறிடுச்சு" என்றார் தலைவர். "படம் எடுத்தது நான்னே போட்டுடு. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஓடினாள். இரண்டாம் மாடியில், கழிவு ஊற்றும் கேனுக்குப் பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். கையில் மூடி திறந்த குடுவை. தங்கத் துகள் கலந்த செக்கச்செவேலென்ற திரவம் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கொட்டத்தான் வந்தேன். கை வரல" என்றாள் அண்ணி.

"உருண்டைதான் அண்ணி! எல்லாமே உருண்டை. தலைவரே எடுத்துப் பாத்துட்டார். சண்டை போட்டப்ப என் கைச்சூடு ஹோல்டர்ல ஏறிடுச்சு, நான்தான் கவனிக்கல."

அண்ணி குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டு முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உருண்டைன்னா இந்தச் சிவப்புதான் வரும். நிறம் சரியாத்தான் இருந்துச்சு. செஞ்சப்பவே எனக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி! கீழ வந்து என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாமே!"

"நீ எடுத்த படமாச்சே" என்றாள் அண்ணி. "என் கைமேல சந்தேகம் வந்துச்சு. உன் கைமேல வரல."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சின்னவளுக்கு அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"சரி சரி, போதும்" என்று முதுகைத் தட்டினாள் அண்ணி. "மொதல்ல அந்த மூடியைத் தேடு. பயத்துல எங்க வெச்சேன்னே தெரியல."